திருப்பித் தராத குளம்

தண்ணீரில் போனவன் மூன்றாம் நாள் மேலே வந்துவிடுவான் என்பதில் யாக்கோப்புவுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, மீசை முளைக்க முன்னரே தகப்பனோடு வள்ளம் ஏறியவர். எத்தனை பேரைக் கரையில் போய் அடையாளம் காட்டியிருக்கிறார்! "தண்ணி வைச்சிருக்காது பிள்ளை, எப்பிடியும் தந்திடும்" என்று மருமகள் ஷாமளாவிடம் சொன்னார். லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், டிராம் தரிப்பிடத்துக்கு அருகே அவருடைய மீன்கடை. கடைக்கு மேலே வீடு. அந்த வீட்டுக் குசினியில் இருவரும் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கொட்லாந்துப் பொலிசிடமிருந்து அழைப்பு வரவேண்டும்.

ஷாமளா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஸ்கொட்லாந்து ஏரி தராது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

போனவன் லக்‌ஷன். அவருக்கு ஒரே பிள்ளை, அவளுக்குப் புருஷன். முதலில் குடியேறிய ஜெர்மனியிலேயே தாய் நோயில் போய்விட, பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டன் வந்தவர் யாக்கோப்பு. கடலை விட்டாரே தவிர மீனை விடவில்லை. ஆனால் பிள்ளையை மட்டும் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார். பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்பு வருகிற நாளில் பிள்ளைக்குத் தவறாமல் காய்ச்சல் வந்துவிடும். தகப்பன் போன் பண்ணிச் சொல்லிவிடுவார். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தவன் போயும் போயும் யாரைக் கட்டினான்? ஈப்போவிலிருந்து மருந்தாளர் படிப்புக்கு வந்த ஷாமளாவை. அவளோ மலேசியத் தீவுகளில், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆமைகளுக்குப் பின்னால் சுழியோடித் திரிந்தவள். கலியாணம் முடிந்த கையோடு அவனுக்கு நீந்தவும் சுழியோடவும் பழக்கிவிட்டாள்.

இந்த ஊரில் சூடான கடலுக்கு எங்கே போவது? தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரிகளிலும் ஸ்கொட்லாந்து ஏரிகளிலும் இறங்கினார்கள். லீவு நாளில் குளிரில் விறைப்பதற்கென்றே இந்த நாட்டில் ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்களும் போய் அதில் சேர்ந்தார்கள். "விசரோ உங்களுக்கு?" என்று யாக்கோப்பு ஒவ்வொரு முறையும் கத்துவார். கத்திவிட்டு, திரும்பி வந்து சாப்பிடட்டும் என்று மீன்குழம்பும் வைத்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமை, முப்பது மீட்டர் ஆழத்தில் லக்‌ஷனின் மூச்சுக்கருவி குளிரில் உறைந்துபோனது. உறைந்தால் அது மூடாது. சிலிண்டரில் உள்ள காற்றெல்லாம் பீறிக்கொண்டு வெளியே போய்விடும். குளிர் ஏரிகளில் அப்படி நடப்பதுண்டு. ஷாமளா பதறவில்லை. பழகியபடியே தன்னுடைய உதிரி வாய்க்குழாயை அவனிடம் கொடுத்தாள். ஒரே சிலிண்டரில் இருவரும் மூச்சுவிட்டபடி மேலே ஏறத் தொடங்கினார்கள். இரண்டு பேரின் மூச்சைத் தாங்காமல் அவளுடைய கருவியும் உறைந்து காற்றைக் கொட்டத் தொடங்கியது. லக்‌ஷன் அவளுடைய காற்றுமானியைப் பார்த்தான், ஒருவருக்குத்தான் காற்று போதும். பிறகு வாய்க்குழாயைத் துப்பிவிட்டு, அவள் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து மேலே தள்ளிவிட்டான். அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் கீழே போய்க்கொண்டிருந்தான். அந்த இடத்தில் நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழம்.

ஒரு சொல்லையும் ஒளிக்காமல் இதையெல்லாம் மாமனாரிடம் சொல்லிவிட்டாள். அவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "என்ரை பிள்ளை அப்பிடித்தான் செய்வான்" என்றார். அவளைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், இந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் வந்தது, போனது. அதன் பிறகு கிழமைகளும் போயின. சவப்பெட்டி இல்லாமலே பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று பாதர் வந்து சொன்னார். "அவசரப்படாதேங்கோ பாதர், பெடியன் வரட்டும்" என்று யாக்கோப்பு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். வராமல் இருக்க இருக்க அவருக்குள் வேறொரு கணக்கு ஓடத் தொடங்கியது. ஒருநாள் காலையில் தேநீர்க் கோப்பையோடு அவள் முன்னால் வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு தெளிச்சி.

"பிள்ளை, நான் யோசிச்சுப் பாத்தன். செத்திருந்தால் மிதந்திருக்கோணும். மிதக்கேல்லை. அப்ப அவன் அங்காலைக் கரையிலை ஏறியிருப்பான். தலையிலை அடிபட்டு, தான் ஆரெண்டு தெரியாமல் எங்கையோ ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். நாளைக்கே வெளிக்கிடுவம். நீ காரை எடு."

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம் என்று ஷாமளாவுக்குப் பட்டது. "மாமா, கொஞ்சம் கடைக்கு வாங்க" என்றாள். கீழே போய்க் குளிரறைக் கதவைத் திறந்தாள். வெள்ளைப் புகையாய்க் குளிர் வெளியே வந்தது. ஐசுக்கு மேல் பாரையும் விளைமீனும் வரிசையாகக் கிடந்தன.

"இது எத்தன டிகிரி, மாமா?"

"ரெண்டு, மூண்டு. ஏன் கேக்கிறாய்?"

"அந்த ஏரிக்கு அடியில நாலு டிகிரி. வெயில் காலத்துலயும் நாலுதான், மாறவே மாறாது." "வெளியில போட்ட மீனு ஊதிப்போகும். இதுக்குள்ள வெச்ச மீனு ஊதுமா, மாமா?"

யாக்கோப்பு குனிந்து ஒரு பாரையின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். காலமெல்லாம் அழுத்திப் பார்த்த அதே விரல். "ஊதாட்டி மிதக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு காலியாகக் கிடந்த மீன்பெட்டி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்து, "ஐயோ, என்ரை ராசா! ஐசிலையோ கிடக்கிறாய்!" என்று கதறினார். ஷாமளா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். கடைக்கு வந்த சனம் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனது.

பொலிசின் அழைப்பு அதன் பிறகுதான் வந்தது. கமெரா பூட்டிய இயந்திரத்தை இறக்கி லக்‌ஷனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தக் காலத்திலோ சரிந்து மூழ்கிய மரங்களுக்கு நடுவே அவன் உடுப்பும் வார்களும் கிளைகளில் சிக்கியிருந்தன. இயந்திரம் பிடித்து இழுத்தும் வரவில்லை. பொலிஸ் சுழியோடிகளுக்கு ஐம்பது மீட்டருக்குக் கீழே போக அனுமதியில்லை. மிகவும் வருந்துகிறோம் என்றார் அந்த அதிகாரி. உண்மையாகவே வருந்துகிறார் என்று குரலில் தெரிந்தது. ஆனாலும் என்ன?

"அவங்களுக்கு ஏலாட்டி வேறை ஆரும் போகட்டும்!" என்று யாக்கோப்பு மேசையில் அடித்தார். "கிடக்கிற இடமும் தெரிஞ்சுபோச்சு. பெத்த பிள்ளையை அந்தக் கோதாரி விழுந்த குளத்துக்கை விட்டிட்டு நான் சோறு தின்னுறதோ?"

ஆள் வந்தது. துஷாந்தன், ஹரோவில் இருக்கிற பெடியன், சுழியோடுகிற கிளப்பில் லக்‌ஷனுக்கு நெருங்கிய கூட்டாளி. "அங்கிள், நான் போறன்" என்றான். "டீப் டைவிங் கோர்ஸ் செய்திருக்கிறன். சிக்கின வாரை வெட்டி விட்டால் மெஷின் தூக்கும். லக்‌ஷன் அண்ணா எனக்கெண்டால் போயிருப்பார்." யாக்கோப்பு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ மனிசன்ரா தம்பி, நீதான் மனிசன்" என்று விம்மினார். அன்றைக்குத்தான் அவர் தாடியை வழித்தார். பாதரைக் கூப்பிட்டுக் கல்லறைக்கு இடம் பார்க்கச் சொன்னார். நெடுநாளுக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டார்.

ஷாமளா கணக்குப் போட்டுப் பார்த்தாள். துஷாந்தன் அறுபது மீட்டர் வரை போயிருக்கிறான், அதுவும் எகிப்தின் சூடான, தெளிந்த கடலில். இங்கே அதைவிட எவ்வளவோ ஆழம், உறைகிற குளிர், மரக்கிளைகள். அவ்வளவு கீழே கையால் பாடுபட்டு வேலை செய்தால் மூச்சு முட்டும், புத்தி மந்தமாகும். பிணம் எடுக்கப் போய் அந்தப் பிணத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். இதெல்லாம் தெரிந்தும் அவள் பேசாமல் இருந்தாள். அவளுக்கும் தன் புருஷன் வேண்டும். ஒரேயொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், நெற்றியில் கை வைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் லக்‌ஷன் வந்துவிடுவான். என்ன ஆசை அது! அந்த ஆசையை நினைத்து அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

துஷாந்தன் புறப்படுவதற்கு முதல்நாள் அவனுடைய தாய் நகுலேஸ்வரி கடைக்கு வந்தாள். மத்தியானம், கடையில் ஒருவரும் இல்லை. யாக்கோப்பு மீன் வெட்டிக்கொண்டிருந்தார், ஷாமளா கல்லாவில் இருந்தாள்.

"என்ன மீன் தங்கச்சி?"

"மீன் வேண்டாம் அண்ணை." அவள் ஷாமளாவின் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, எனக்கு உந்தச் சுழியோட்டம் ஒண்டும் விளங்காது. அவனைக் கேட்டால், அம்மா சும்மா இருங்கோ எண்டுறான். நீ தெரிஞ்சவள். நீ சொல்லு, அவன் போனால் வருவானோ?"

மீன் வெட்டுகிற சத்தம் நின்றது. யாக்கோப்பு கத்தியும் கையுமாக மருமகளையே பார்த்தார். ஓம் என்று சொல்லு, சொல்லு பிள்ளை என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

"அவனுக்கு அந்த ஆழம் பழக்கமில்ல, ஆன்ட்டி" என்றாள் ஷாமளா. "எனக்குப் பயமா இருக்கு. நானா இருந்தா அனுப்ப மாட்டேன்."

கத்தி பலகையில் பாய்ந்தது. "உனக்கென்ன!" என்று யாக்கோப்பு கத்தினார். "நீதானே அவனைத் தண்ணிக்கை இறக்கினனி! அவன் உன்னைத் தள்ளிவிட்டான், நீ அவனை விட்டிட்டு மேலை வந்தனி! இப்ப போய் எடுக்கிறவனையும் விடமாட்டாய், என்ன?"

இத்தனை நாளும் அவள் எதிர்பார்த்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. வந்த பிறகு பயம் போய்விட்டது.

"ஆமா மாமா, விட்டுட்டுத்தான் வந்தேன். அவரு தள்ளி விட்டதால வந்தேன்." கண்ணீர் தன்பாட்டில் வடிந்தது, அவள் துடைக்கவில்லை. "அந்த இருட்டுக்குள்ள தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவனை யாரு மாமா மேல தள்ளி விடுவா?"

நகுலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்கடை பிள்ளையை எடுக்க வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை அண்ணை" என்றாள். "ஆனால் எனக்கும் அவன் ஒருத்தன்தான்."

யாக்கோப்பு கத்தியைப் பலகையிலேயே விட்டார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

"தம்பி துஷாந்தன், நீ போக வேண்டாம். ... இல்லை, ஒண்டும் நடக்கேல்லை. ... டேய், வேண்டாமெண்டால் வேண்டாம்! பெத்தவன் நான் சொல்லுறன், அவன் அங்கையே கிடக்கட்டும். கொம்மா இஞ்சை நிண்டு அழுகிறா. வந்து கூட்டிக்கொண்டு போ."

துஷாந்தன் வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அவன் யாக்கோப்புவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் பாதரைக் கூப்பிட்டு, பெட்டி இல்லாமலே பூசையை வையுங்கள் என்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்தார். பிறகு கடையைச் சாத்தினார். ஷாமளா தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோது, வெட்டின மீனை அப்படியே விட்டுவிட்டு மீன்பெட்டியில் உட்கார்ந்திருந்தார்.

"வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். மனசிலை வைச்சிராதை பிள்ளை."

"பரவால்ல, மாமா."

தேநீரை வாங்கி வைத்திருந்தாரே தவிர குடிக்கவில்லை. "கீழை நல்ல இருட்டோ?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. ஒண்ணுமே தெரியாது."

"தாய் செத்த பிறகு அவனுக்கு இருட்டெண்டால் பயம். லைற்றை நூத்து இருட்டாக்கினால் கத்துவான். அவன் நித்திரை கொள்ளுமட்டும் நான் கட்டிலடியிலை இருந்து, பிறகுதான் நூக்கிறது."

ஷாமளா அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கையில டார்ச் இருந்திச்சு, மாமா. கட்டியிருந்தாரு. எரிஞ்சிக்கிட்டேதான் போனாரு."

அவர் சடாரென்று நிமிர்ந்தார். "அது எவ்வளவு நேரம் எரியும்?"

விடிய விடிய எரியும் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ரெண்டு மணி நேரம், மாமா."

யாக்கோப்பு யோசித்தார். மெல்லத் தலையை ஆட்டினார்.

"காணும், அது போதும்" என்றார். "அதுக்குள்ளை நித்திரையாய்ப் போயிருப்பான்."