மூன்று தட்டு

பொய் சொல்வதென்று ஆகிவிட்டால் மாமியாரை விட்டால் வேறு யார் அகப்படுவார்கள்? கல்லைத் தின்றாலும் செரிக்கிற அந்த அம்மாளை, நெஞ்சுவலி என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் இன்டர்வியூவுக்குக் கிளம்பினான் லிஃப்ட் மெக்கானிக். போட்டிக் கம்பெனி. அங்கே ராத்திரி அழைப்பு இல்லை, கிரீஸ் இல்லை, மேற்பார்வை மட்டும்தான். யாருக்குத்தான் ஆசை வராது?

உறுத்தியது ஒன்றே ஒன்று, கூட வேலை பார்க்கும் அண்ணன். பதினோரு வருட ஜோடி. போல்ட்டும் நட்டும் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. ஏறி இறங்கும் வேலையெல்லாம் இவன் பார்ப்பதால்தான் அவருக்கு வண்டி ஓடுகிறது. இவன் போன மறுநாளே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் கிளம்பினான், படுபாவி.

இன்டர்வியூ எட்டாவது மாடியில். அந்த வாடகைக் கட்டடத்து லிஃப்ட் இவன் கம்பெனியின் பராமரிப்பில்தான் இருந்தது. கதவு சுவிட்ச் தகராறு என்று முந்தாநாளே புகார் வந்தது. "அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று தள்ளிப்போட்டவனும் இவனேதான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அதற்கு எட்டாவது மாடி வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

அரைமணி கழித்துச் சுவரிலிருந்த இன்டர்காம் கரகரத்தது.

"உள்ள யாருங்க? பயப்படாதீங்க. மேல மோட்டார் ரூம்ல இருக்கேன். கையால சுத்தி இறக்கிடறேன்."

அண்ணன்தான். மூச்சு இரைத்தது. ஐயோ, அந்தக் காலோடு மொட்டைமாடி வரை ஏறியிருக்கிறார்!

"சரிங்க சார்" என்றான், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"கொஞ்சம் நேரமாகும். ஜோடி ஆளு இன்னைக்கு வரல. பாவம், அவன் மாமியாருக்கு முடியல."

அது இரண்டு பேர் வேலை. மேலே ஒருவர் பிரேக்கை விட்டுச் சக்கரத்தைச் சுற்றுவார். கீழே நிற்பவன் பார்த்துக்கொண்டிருந்து, தரை மட்டம் நெருங்கும்போது இரும்பில் இரண்டு தட்டுவான். மெதுவாக என்று அர்த்தம். மூன்று தட்டினால் நிறுத்த வேண்டும். மற்ற ஜோடிகள் போனில் பேசிக்கொள்வார்கள். தட்டு இவர்கள் இருவருக்குள் மட்டும். ஆள் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் பயணிக்கு மட்டம் தெரியாது என்பதால், அண்ணன் கொஞ்சம் இறக்கிவிட்டுப் படியிறங்கி வந்து பார்த்து, மறுபடி ஏற வேண்டும்.

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. கதவிடுக்கில் ஆறாவது மாடித் தரை தெரிந்தது. இவன் சும்மா இருந்திருக்கலாம். யாரோ ஒரு பயணியாக நழுவியிருக்கலாம். ஆனால் அந்த முழங்காலை நினைத்த மாத்திரத்தில் கை வீட்டுச் சாவியை எடுத்துவிட்டது. தட் தட். பிறகு மூன்று.

லிஃப்ட் நின்றது. மட்டத்தில் நூலளவு பிசகில்லை. செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது. உள்ளிருந்தே கதவைத் திறக்க இவனுக்குத் தெரியும். ஓடத்தான் கால் வரவில்லை.

ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, அண்ணன் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். சட்டையைப் பார்த்தார். கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"எட்டாவதுதானே? படியில போயிடு" என்றவர், தோளில் வைக்க வந்த கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கிரீஸ் பட்டுடும்."

"அண்ணே..."

அவர் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"உன் அண்ணி. காலையிலயே சாப்பாடு எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. எந்த வார்டுன்னு தெரியாம கட்டில் கட்டிலா தேடிக்கிட்டிருக்கா. நான் என்னன்னு சொல்ல? நீயே பேசு."

வாங்கிக் காதில் வைத்தான்.

"அண்ணி, நான்தான்..."

"தம்பியா? அத்தை எப்படிப்பா இருக்காங்க? இரு, அது அப்புறம். நீ ஏதாவது சாப்பிட்டியா?"