பத்தரைக்குள் ஒரு கையெழுத்து

“ஓரமா பூந்து போடா!”

கரும்பு ஏற்றிய டிராக்டருக்கும் எதிரே வந்த கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் இருந்தது. ஆண்டனி பிரேக்கைத் தொடாமல் பைக்கை அதில் விட்டான். கரும்புத் தோகை பின்னால் உட்கார்ந்திருந்த விஜயராணியின் கன்னத்தைக் கீறியது. அவள் கண்ணைக்கூட மூடவில்லை. கையிலிருந்த செல்போனில் மணி 9.58.

“யக்கா, செத்தா ரெண்டு பேரும் சேந்துதான் சாவோம். இன்னா விஷயம்னு இப்பவாச்சும் சொல்லேன். போன் பண்ணி வாடான்ன. லோடு ஏத்தாம மினிவேன அப்டியே வுட்டுட்டு வந்துகிறேன்.”

“வெண்ணிலாவுக்கு இன்னிக்கு பரீட்ச. டெல்லிலேர்ந்து வர்ற பரீட்ச. பத்தரைக்கு கேள்வித்தாள் கட்ட பிரிப்பாங்க. பிரிச்சிட்டா ஒருத்தரையும் உள்ள வுட மாட்டாங்க.”

“அவதான் ஸ்கூல்ல கீறாளே?”

“கீறா. ஆனா எழுத மாட்டா. எழுத வேணாம்னு நான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்.”

பைக் ஒரு கணம் தடுமாறியது.

“நீயா?”

“ஸ்லிப்பு ஒண்ணு வந்துச்சு, போட்டேன். நீ ரோட்டப் பாருடா!”

ஆண்டனி அதற்கு மேல் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அந்தப் பக்கத்து வீடுகளில் அப்படித்தான். பூச்சி மாத்திரைக்கு ஒன்று, சுற்றுலாவுக்கு ஒன்று, சீருடை அளவுக்கு ஒன்று. ஒரு கையில் தோசைக்கரண்டி, இன்னொரு கையில் பேனா. யாரும் படிப்பதில்லை. கையெழுத்து என்றால் சரி என்று அர்த்தம். முடியாது என்று சொல்வதற்குக் கையெழுத்துக் கேட்டு வந்த முதல் காகிதம் இதுதான்.

விஜயராணிக்குத் திருபுவனையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. டீ நேரத்தில் டிபன் பையைத் திறந்தபோது டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பேனா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா அடம்பிடித்து வாங்கியது. விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்புப் பேனாவால்தான் நிரப்ப வேண்டுமாம். அதை எடுத்துப் பார்த்தவள் டீயைக் குடிக்கவில்லை. சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, லேபிள் சரிபார்க்கும் மேஜையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டாள்.

“எழுதலன்னாதான் இன்னாக்கா? இதுக்கு மார்க்கு கூட கெடயாதுன்றாங்க.”

“எழுதாத புள்ளிங்கள தனியா பிரிச்சிடுவாங்கடா. அடுத்த வருஷம் பத்தாவதுலயும் அதே பெஞ்சு. ஸ்கூல் பேரு கெட்டுடும், பிரைவேட்டா பணம் கட்டி எழுதிக்கோன்னுடுவாங்க. தங்கவேல் அண்ணன் பொண்ணுக்கு அதான் ஆச்சு. இப்ப எங்க கம்பெனில அட்டப்பெட்டி ஒட்டிக்கினு கீறா.”

ஆண்டனி ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினான்.

பள்ளிக்கூட கேட்டை அடைந்தபோது 10.16. வாட்ச்மேன் மாரிமுத்து குறுக்கே கையை நீட்டினார்.

“யாரும் உள்ள போவக்கூடாது. பரீட்ச.”

“எம்பொண்ணு பேனாவ வுட்டுட்டா அண்ணே.”

“குடு, நான் குடுத்துடறேன். அதுக்குதான சம்பளம் வாங்கறேன்.”

நீட்டிய கைக்கு அடியில் குனிந்து அவள் உள்ளே ஓடினாள். “இந்தாம்மா!” என்று திரும்பியவரை ஆண்டனி சட்டையைப் பிடித்து நிறுத்தி, நெருப்புப்பெட்டி இருக்கா என்று கேட்டான்.

தலைமையாசிரியர் அறையில் மூன்று பேர். தலைமையாசிரியர் உலகநாதன். வகுப்பாசிரியை தனக்கொடி. மூன்றாவது ஆள், தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்திருக்கும் புகழ்வேந்தன் என்ற இளைஞன். அவன் மடியில் அரக்கு முத்திரை வைத்த கட்டு. பக்கத்து அறைக்கும் இந்த அறைக்கும் நடுவே பாதிச் சுவர்தான். அந்தப் பக்கம் ஏழு பிள்ளைகள் பரீட்சை எழுதாமல் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். வெண்ணிலாவின் ரிப்பன் தெரிந்தது.

“சார், எம்பொண்ணு பரீட்ச எழுதணும்.”

உலகநாதன் நிதானமாக ஒரு காகிதத்தை எடுத்தார்.

“வெண்ணிலா அம்மாவா? வேணாம்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க? படிக்கறேன் கேளுங்க. ‘என் மகளின் கற்றல் நிலை போதுமானதாக இல்லாததால், அவள் இத்தேர்வில் பங்கேற்பதில் எனக்கு விருப்பமில்லை.’ இது உங்க கையெழுத்துதான?”

பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாமே கேட்டிருக்கும். ரிப்பன் அசையவில்லை.

விஜயராணி ஒரு மூச்சு இழுத்தாள்.

“என்னுதுதான் சார். எனக்குப் படிக்கத் தெரியாது. பேரு மட்டும்தான் போடத் தெரியும். ஸ்கூல்லேர்ந்து இன்னா குடுத்தாலும் போட்டுடுவேன். இப்பிடி எழுதியிருக்குன்னு தெரிஞ்சா போட்டிருப்பனா சார்? எம்பொண்ணுக்கு படிப்பு வராதுன்னு நானே எழுதிக் குடுப்பனா?”

கடைசி வரியை அவள் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள்.

“லிஸ்ட்டு போயிடுச்சும்மா. இப்ப ஒண்ணும் பண்ண முடியாது.”

“படிக்காம போட்ட கையெழுத்து செல்லாது சார்.”

“அப்பிடிப் பாத்தா இந்த ஸ்கூல்ல எதுவுமே செல்லாது!”

தனக்கொடி டீச்சர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். மணி 10.22.

புகழ்வேந்தன் எழுந்தான். “சார், நான் ஒண்ணு கேக்கலாமா? பெத்தவங்க வேணாம்னா வுட்டுடலாம்னுதான் ரூல். ஏழு ஸ்லிப்பும் ஒரே மாதிரி டைப் பண்ணிருக்கு. ஏழு வூட்டுக்காரங்களும் ஒரே வார்த்தைய எப்பிடி சார் யோசிச்சாங்க?”

உலகநாதன் முகம் மாறியது.

“தம்பி, போன தடவ இந்தப் பரீட்சைல நம்ம கொம்யூன் பஞ்சாயத்துலயே நம்ம ஸ்கூல்தான் கடைசி. மேல பதில் சொல்றது நானு. நீங்க ஒரு நாள் வந்துட்டு போயிடுவீங்க.”

“புரியுது சார். ஆனா அம்மா நேர்ல வந்து எழுதணும்ன்றாங்க. கட்ட பிரிக்கறதுக்கு முன்னாடி எழுத்துல குடுத்துட்டா நான் ஒரு தாள் தந்துதான் ஆவணும். அப்புறம் தரலன்னா நானும் பதில் சொல்லணும்.”

“எழுத்துலதான் குடுக்க முடியாதே! படிக்கத் தெரியாதுன்றாங்களே!”

விஜயராணியின் கை மேஜை மேலிருந்த வெள்ளைத்தாளை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. மடங்கித் திரும்பியது.

10.25.

“டீச்சர்,” என்றாள். “நீங்க எழுதுங்க டீச்சர். நான் பேரு போடறேன்.”

தனக்கொடி தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். டீச்சர் தாளை இழுத்துக் கடகடவென்று நான்கு வரி எழுதினார். விஜயராணிக்கு ஒருமுறை வாசித்தும் காட்டினார். விஜயராணி குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை வரைந்தாள். அந்த ஐந்து எழுத்துக்கு அரை நிமிடம் ஆயிற்று.

10.28.

வெண்ணிலா வாசலில் வந்து நின்றாள். பதினான்கு வயது. அழவில்லை. சிரிக்கவுமில்லை.

“போய் எழுதுடி. இந்தா, பேனா.”

வெண்ணிலா பேனாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கன்னத்தில் இருந்த கீறலைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு ஓடினாள். பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் மற்ற ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்காக யாரும் வரவில்லை. அரக்கு உடையும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

மதியம் ஒரு மணிக்கு வெண்ணிலா வெளியே வந்தாள். ஆண்டனி லோடுக்குப் போய்விட்டிருந்தான். இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.

“எப்பிடி எழுதின?”

“கணக்கு கஷ்டம். மத்தது ஓகே.”

“பரீட்சக்குன்னே வாங்கின பேனாவ மறந்துட்டு போயிட்டியேடி.”

“மறக்கல. நான்தான் உன் பைல போட்டேன்.”

விஜயராணி நின்றாள். வெண்ணிலா நிற்கவில்லை. இரண்டடி போய்த் திரும்பினாள்.

“பரீட்ச முடிஞ்சதும் ஒரு சர்வே குடுத்தாங்கம்மா. வூட்ட பத்தி. எத்தினி பேரு, டிவி இருக்கா, தனியா படிக்க எடம் இருக்கான்னு. பேரு போட வேணாம், உண்மைய எழுதுன்னு அந்த சார் சொன்னாரு. அம்மா எது வரைக்கும் படிச்சிருக்காங்கன்னு ஒரு கேள்வி இருந்துச்சு.”

“இன்னா போட்ட?”

“ப்ளஸ் டூ பாஸ்.”

பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை. கண்டக்டர் ஏதோ திட்டிவிட்டு விசில் ஊதினார்.

“திங்கக்கெழம காலைல,” என்றாள் வெண்ணிலா, “அந்த ஸ்லிப்ப வாங்கி அடுப்பாண்ட வெளிச்சத்துல வெச்சி மூணு வாட்டி படிச்ச. தோச கூட தீஞ்சிப் போச்சி. அதுக்கப்புறம்தாம்மா கையெழுத்து போட்ட.”