எஞ்சினுக்குள் ஒரு பல்

குடித்த தண்ணீர் ஊசியாகக் குத்தியது.

பான் ருய்லான் பாட்டிலை இறக்கினாள். நாக்கு தானாக இடது பக்கம் ஓடியது. கடைவாய்ப் பல்லின் மேல் டாக்டர் மாட்டிவிட்டிருந்த எஃகுத் தொப்பியைக் காணோம். அந்த இடத்தில் சொரசொரவென்று ஒரு மொட்டைப் பல்தான் இருந்தது.

‘எங்கே விழுந்தது?’

கேள்வி மனதில் எழுந்த அதே நொடியில் அவள் பார்வை எதிரே நின்ற போர் விமானத்தின் மேல் போனது.

சற்று முன்புதான் அந்த விமானத்தின் எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் குழலுக்குள் தவழ்ந்து போய்விட்டு வந்திருந்தாள். எஞ்சினின் முதல் வரிசைத் தகடுகளை டார்ச் அடித்துப் பார்ப்பது அவள் வேலை. உள்ளே போகிறவர்களுக்குப் பையும் பட்டனும் இல்லாத உடுப்பு. மோதிரம், கொண்டை ஊசி எல்லாம் வெளியே கழற்றி வைத்தாக வேண்டும். கொண்டுபோன டார்ச் முதல் துடைக்கும் துணி வரை திரும்பி வந்ததா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் எஞ்சின் ஓடும். ஒரு சின்ன ஆணி போதும், சுழலும் தகடுகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

எல்லாம் எண்ணியாகிவிட்டது. எல்லாம் சரி.

பல்லை மட்டும் யாரும் எண்ணவில்லை.

குழலுக்குள் இருந்தபோது வெளியிலிருந்து மெக்கானிக் சுய் மாஸ்டர், “என்ன பொண்ணே, உள்ளயே தூங்கிட்டியா? வாடகை குடுக்கணும் தெரியுமில்ல!” என்று கத்தியதும், அவள் வாய்விட்டுச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. சிரித்தபோது விழுந்ததா?

காக்பிட்டில் விமானி கேப்டன் நியே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார். இன்று அவர்கள் விமானப் பிரிவான ஸ்குவாட்ரனுக்குத் தேர்வு நாள். தலைமையகத்திலிருந்து வந்த அதிகாரிகள் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று தரையில் தங்கிவிட்டாலும் மொத்த ஸ்குவாட்ரனும் தோற்றதாகக் கணக்கு.

அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் இது ஒற்றை எஞ்சின் விமானம். பழைய ரஷ்ய எஞ்சினை எடுத்துவிட்டு சொந்த நாட்டிலேயே செய்த எஞ்சினை வைத்த பிறகு, நியே விருந்துகளில் மார்தட்டிக்கொண்டு சொல்வதுண்டு: “நம்ம எஞ்சின் நின்னா, எங்கிட்ட இன்னொரு எஞ்சின் இருக்கு. முதுகுல கட்டியிருக்கேனே, பாராசூட்!”

சீழ்க்கை போல ஒரு ஒலி கிளம்பியது. எஞ்சின் சுழலத் தொடங்கிவிட்டது.

ருய்லான் ஓடினாள். விமானத்தின் மூக்குக்கு எதிரே, காற்று இழுக்காத தூரத்தில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தாள். நிறுத்து!

சீழ்க்கை தணிந்தது. எஞ்சினுக்குள் இன்னும் நெருப்பு பற்றவில்லை. ஆனால் தகடுகள் சில சுற்றுகள் சுற்றிவிட்டன.

சுய் மாஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். இந்த விமானத்துக்குப் பொறுப்பான தலைமை மெக்கானிக். கறுத்த முகம் இன்னும் கறுத்திருந்தது.

“என்ன ஆச்சு? எண்ணெய் ஒழுகுதா?”

“பல்லு, மாஸ்டர்.”

“என்னது?”

“என் பல்லு. எஃகுத் தொப்பி. காணோம். உள்ள விழுந்திருக்கலாம்.”

மாஸ்டர் அவள் வாயையே பார்த்தார். மேலேயிருந்து நியே, “என்ன சொல்றா அவ?” என்று கத்தினார்.

“பல்லு விழுந்துடுச்சாம், கேப்டன்!”

“யாருக்கு?”

“எஞ்சினுக்கில்ல, இவளுக்கு!”

பக்கத்து விமானத்துப் பையன்கள் குபீரென்று சிரித்தார்கள். ருய்லானின் காது மடல்கள் எரிந்தன.

மற்ற மூன்று விமானங்களும் ஏறிவிட்டன. மாஸ்டரே குழலுக்குள் போய்க் காந்தக் கோலால் துழாவினார். ஒன்றும் இல்லை. குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டிய தகடுகளில் கீறல்கூட இல்லை.

“அப்புறம் என்ன, கிளம்பட்டுமே?” என்றார் கோபுரத்திலிருந்து இறங்கி வந்த ஸ்குவாட்ரன் தலைவர்.

“இன்னும் உள்ள போயிருந்தா கேமராவுக்குத் தெரியாது சார். எஞ்சினையே வெளிய இழுக்கணும். நாளைக்குத்தான் முடியும்” என்றார் மாஸ்டர்.

தலைவர் ருய்லானைப் பார்த்த பார்வையில் மணல் காற்றின் சூடு இருந்தது. “ஒரு பல்லுக்காக!”

ருய்லான் எச்சிலை விழுங்கினாள். விழுங்கியபோதுதான் பொறி தட்டியது.

“சார், காலையில கல்யாண மிட்டாய் தின்னேன். அறைத்தோழி குடுத்தது. எள்ளு மிட்டாய், பல்லோட ஒட்டிக்கும். அதோடயே முழுங்கியிருந்தா... என் வயித்தை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. உள்ள இருந்தா எஞ்சின்ல இல்லைன்னு அர்த்தம்.”

ஜீப் மருத்துவ அறைக்குப் பறந்தது.

டாக்டர் ஔயாங் விஷயத்தைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருஷ சர்வீஸ்ல எஞ்சினுக்காக ஒரு வயித்தைப் பார்க்கறது இதுதான் முதல் தடவை. மூச்சை இழுத்துப் பிடிங்க.”

மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. அது எப்போதோ நின்றிருந்தது.

திரையில் சாம்பல் நிற மூட்டமாக அவளுடைய உட்புறம் தெரிந்தது. விலா எலும்புகள். அதற்குக் கீழே ஒன்றும் புரியாத மேகம். மாஸ்டர் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். டாக்டரின் விரல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

வெள்ளை வெளேரென்று, பட்டாணி அளவில் ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தால் குழிந்த தொப்பி.

“எஃகுதான். வேற எதுவும் இப்படி மின்னாது” என்றார் டாக்டர். “ரெண்டு மூணு நாள்ல தானா வந்துடும். கவலை வேணாம்.”

“அப்பாடா!” மாஸ்டர் நாற்காலியில் விழுந்தார். உடனே எழுந்தார். “வந்ததும் எனக்குக் காட்டணும், ஆமா!”

“மாஸ்டர்!”

விமானம் மதியம் தாண்டித்தான் கிளம்பத் தயாரானது. தேர்வு போயே போய்விட்டது. ஸ்குவாட்ரன் தலைவர் அவள் பக்கம் பார்க்காமலே கோபுரத்துக்குத் திரும்பிப் போனார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ அவள் கிண்ணத்தில் ஆட்டு எலும்பை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு வெறும் நூடுல்ஸை மட்டும் வைத்திருந்தார்கள். “பல்லு பத்திரம், அக்கா!”

கிளம்பும் நேரத்தில், விமானத்தின் ஏணியில் கால் வைத்த நியே அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

“படத்தை நானும் பாத்தேன். அது போதும்னு டாக்டர் சொல்றாரு, மாஸ்டர் சொல்றாரு. நீ சொல்லு. ஏறட்டுமா?”

ருய்லான் குழலின் வாயைப் பார்த்தாள். படத்தில் பார்த்ததுதான். தொப்பி தன் வயிற்றில்தான் இருக்கிறது. ஆனாலும் காலையிலிருந்து எத்தனையோ கைகள் அந்தக் குழலுக்குள் போய் வந்திருக்கின்றன. காந்தக் கோல், கேமரா, டார்ச்.

“ஒரு தடவை உள்ள போய்ட்டு வந்துடறேன், கேப்டன். அப்புறம் சொல்றேன்.”

“போ” என்றார் நியே. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவள் தவழக் குனிந்தபோது மாஸ்டர் தோளைப் பிடித்து நிறுத்தினார். டார்ச்சை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“முதல்ல வாயைத் திற.”

சிரிக்கிறாரா என்று பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.