மாற்றம் தேவையில்லை

எங்கள் அலுவலகத்தில் யாரும் வாக்கியத்தைப் படிப்பதில்லை. பிழையைத்தான் படிப்போம். வீடு தீப்பிடித்து எரிகிறது என்று எழுதிக் கொடுத்தாலும் அதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிற கூட்டம் நாங்கள்.

வேலைக்கான தேர்வுகளுக்குக் கேள்வி தயாரிப்பது எங்கள் தொழில். 'வாக்கியத்தைத் திருத்துக' என்ற பகுதி என் அறையின் பொறுப்பு. ஒரு தப்பான வாக்கியம், அதில் ஓரிடத்தில் அடிக்கோடு, கீழே ஐந்து விடைகள். ஐந்தாவது எப்போதும் 'மாற்றம் தேவையில்லை'. விடை தெரியாமல் திணறுகிறவர்கள் போய் விழுவதற்கென்றே அதை வைத்திருக்கிறோம்.

அறைக்கு மேலாளர் ஒருவர் உண்டு. நாங்கள் வைத்த பெயர் கத்தரி. பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக் கொடுத்தால்கூடச் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய தப்பு பிளாஸ்டிக் பழம் மாதிரி, அதில் ருசி இருக்காது என்பது அவருடைய கொள்கை. அதனால் பழைய தேர்வுகளில் ஆட்கள் எழுதிய கட்டுரைகள், பெயரும் எண்ணும் கிழிக்கப்பட்டு, மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். அவற்றிலிருந்து தப்புகளைப் பொறுக்கிக் கேள்வியாக்குவோம். இதற்கு அறுவடை என்று பெயர். வெட்கமே இல்லாமல் நாங்களே வைத்த பெயர்தான்.

அன்று காலை என் மேஜைக்கு வந்த கேள்விக் கட்டில் மூன்றாவது தாள். பக்கத்து மேஜைக்காரர் தயாரித்தது, நான் கடைசியாகச் சரிபார்க்க வேண்டியது. பென்சில் தானாகவே போய்ப் பிழையைத் தொட்டுவிட்டது. ஒருமை, பன்மை மயக்கம், சுலபம். அடுத்த தாளுக்குக் கை போன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்குள் இறங்கியது.

'என் கணவரின் ஊக்கு குத்திய செருப்புகள் இரண்டும் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடந்தது.'

அந்த ஊக்குகளைக் கொடுத்தது நான். என் தங்கை சின்னவளும் அவள் கணவரும் என் வீட்டுக்கு வந்திருந்தபோது வாசற்படியில் அவருடைய செருப்பு வார் அறுந்தது. ஓர் ஊக்கு கொடுத்தேன். இன்னொன்று கேட்டார். "ஒண்ணுல மட்டும் குத்தினா ஓட்டைச் செருப்புன்னு தெரிஞ்சிடும் அண்ணி. ரெண்டுலயும் குத்திட்டா ஃபேஷன்" என்றார். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார், முறை அதுவல்ல என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார். அந்த வாரமே வேலைக்குச் சைக்கிளில் போனவரை லாரி அடித்தது. சின்னவள்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

அவர் வேலை பார்த்த கிடங்கிலேயே அவளுக்குப் பார்சல் ஒட்டும் தற்காலிக வேலை கொடுத்தார்கள். தேர்வில் தேறினால் அலுவலகத்தில் நிரந்தர வேலை. மூன்று தடவைதான் எழுதலாம். முதல் தடவை 'மறக்க முடியாத ஒரு நாள்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். பைத்தியக்காரி, உண்மையை எழுதியிருக்கிறாள். இரண்டு தடவை தோற்று, மூன்றாவதற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேரே கத்தரியிடம் போனேன்.

"சார், இந்தக் கேள்வியை எடுத்துடணும்."

"ஏன், ரெண்டு விடை வருதா?"

"இல்ல சார்."

"பொருள் குழப்பமா?"

"பொருள் நல்லாவே புரியுது சார். அதனாலதான் சொல்றேன். இது நடந்த விஷயம். எழுதின பொண்ணு என் தங்கச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருத்தப்படப் போகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தாச்சும்மா. பாதிப் பேர் தப்பாப் போட்டிருக்காங்க. எழுவாய் எங்கயோ இருக்கு, வினை எங்கயோ இருக்கு, நடுவுல அந்த ஊக்கு ஆளை நல்லாத் திசை திருப்புது. இப்படி ஒரு கேள்வி கிடைக்கிறது குதிரைக்கொம்பு."

"அவ மறுபடியும் தேர்வு எழுதப் போறா சார். அங்க உக்காந்து இதைப் பார்த்தான்னா?"

"எந்தக் கேள்வி எந்தத் தாளுக்குப் போகும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரி, உனக்காக ஒண்ணு செய்யறேன்." பேனாவைத் திறந்து 'என் கணவரின்' என்பதை அடித்துவிட்டு 'ஓட்டுநரின்' என்று எழுதினார். "இப்ப யாரோ ஒருத்தர். போதுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேனாவைப் பிடுங்கி அவர் சட்டைப்பையிலேயே உடைத்திருப்பேன். லாரியாவது ஒரு தடவைதான் அடித்தது. "சார், ஓட்டுநர்னா லாரி ஓட்டினவன் சார். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்ல" என்று கத்தினேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "சாலைக்குங்கறதை சாலையின்னு மாத்திடலாமா சார்?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கெட்ட மனிதர் இல்லை.

மேலிடத்துக்குப் போனேன். கேள்வியை நீக்க ஒப்புக்கொள்ளப்பட்ட காரணங்கள் இவை என்று ஒரு தாளை நீட்டினார்கள். சமூகத்தைப் புண்படுத்துவது அதில் இருந்தது. ஒருத்தியைப் புண்படுத்துவது இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சின்னவளிடம் சொல்லவும் வழியில்லை. கேள்வியைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் என் வேலை போவது இருக்கட்டும், அவளைத் தேர்வே எழுத விடமாட்டார்கள். அவள் என் சமையலறையில் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒருமை, பன்மைக் கணக்குகளை டக்டக்கென்று போட்டாள். "இப்பல்லாம் இது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும்க்கா" என்றாள். இந்த ஒரு தடவை அது வேறு யாருக்காவது போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்னொருத்தி தலையில் விழட்டும் என்று வேண்டுவதும் அயோக்கியத்தனம்தான், வேண்டினேன்.

தேர்வு நாளன்று மதியம் கூடத்துக்கு வெளியே காத்திருந்தேன். எல்லோரும் விடைகளை ஒப்பிட்டுக் கத்திக்கொண்டே வந்தார்கள். சின்னவள் கடைசியாக வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அந்தச் செருப்பு வந்துச்சுக்கா" என்றாள்.

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

"அவரை ஓட்டுநர்னு போட்டிருக்காங்க. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். கத்திப் பார்த்தேன்டி. காலைப் பிடிக்காத குறைதான். எடுக்க மாட்டேன்னுட்டாங்க."

அவள் தலையாட்டினாள். அழுவாள் என்று தோளைப் பிடித்தேன். தோள் கட்டையாக இருந்தது. அவளும் என்னைப் போலக் கோபத்தில்தான் இருந்தாள்.

"பாதியில எழுந்து வந்துட்டியா?"

"ஏன் வரணும்? எல்லாத்தையும் எழுதிட்டுத்தான் வந்தேன். இதைத் தவிர எல்லாம் சரியாவே போட்டிருப்பேன்னு நினைக்கிறேன்."

"இதுக்கு என்ன போட்டே?"

"அஞ்சாவது. மாற்றம் தேவையில்லை."

"உனக்குத்தான் சரியான விடை தெரியுமேடி! இதுதான் கடைசித் தடவை. ஒரு மார்க்குல போச்சுன்னா?"

"போனா போகட்டும்."

"கிடந்தனன்னு போட எவ்வளவு நேரம் ஆகும்?"

சின்னவள் நின்றாள். கூடத்தின் கேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, என் அலுவலகம் மொத்தத்தையும் நிறுத்திவைத்துக் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டாள்.

"ஒண்ணு இந்தப் பக்கம் கிடந்துச்சு. ஒண்ணு அந்தப் பக்கம் கிடந்துச்சு. ரெண்டையும் நான்தான் பொறுக்கிட்டு வந்தேன். நீங்க யாருக்கா அதைத் திருத்தறதுக்கு?"