கப்பை வெந்த தண்ணீர்

அரிசி கிடைக்காத வருஷம் அது. ரேஷனில் வாரத்துக்கு அளந்தது மூன்று நாள் வந்தால் பெரிது. மட்டாஞ்சேரியில் எல்லா அடுப்பிலும் கப்பை என்று அங்கே சொல்லும் மரவள்ளிக்கிழங்குதான் வெந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, மிளகுக் கிடங்கில் வேலை கிடைத்த கணவனோடு வந்து சேர்ந்த நீலாம்பாளும் அதற்குப் பழகிக்கொண்டிருந்தாள்.

அரிசி களைந்த நீரையோ வடித்த கஞ்சியையோ அவள் சாக்கடையில் கொட்டமாட்டாள். பிறந்த வீட்டுப் பழக்கம். ஒரு மண்பானையில் சேர்த்து, அடுத்த வீட்டு ஜுமைலாவின் ஆட்டுக்கு வைப்பாள். வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் தண்ணீர். ஏழைக்கு அதைவிடச் சுலபமான புண்ணியம் ஏது? காய்ச்சலில் ஜுமைலாவுக்குப் பால் வற்றிப்போனதால் அவளுடைய எட்டு மாதக் குழந்தைக்கு அந்த ஆட்டின் பால்தான் ஆகாரம்.

அன்று கப்பை வேகவைத்த தண்ணீரைப் பானை நிறைய வைத்தாள். ஆடு தலையைத் தூக்காமல் குடித்தது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"நீலாக்கா, ஓடி வாங்க! ஆட்டுக்கு என்னமோ ஆவுது!"

ஆடு கால்களை வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. ஜுமைலா அதன் தலையை மடியில் எடுத்து வைப்பதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

"பாம்புதான்க்கா. வேலியில பொந்து இருக்குன்னு எங்க வீட்டு மனுஷன்கிட்ட நூறு வாட்டி சொன்னேன். தாடிய நீவவே அவருக்கு நேரம் போதல. இனி பிள்ளைக்குப் பாலுக்கு எங்க போவேன்?"

நீலாம்பாள் காலிப் பானையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் போதும், பழியைப் பாம்பு சுமக்கும். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பாம்பில்ல, ஜுமைலா. நாந்தான். கப்ப வெந்த தண்ணிய வச்சேன்."

"கப்ப வெள்ளமா? அது விஷமாச்சே! கசக்கிற கப்பயா?"

"லேசா கசந்துது. கஞ்சி மாதிரிதானேன்னு..."

நீலாம்பாள் வசவுக்காகத் தலைகுனிந்து நின்றாள்.

"மிச்சத் தண்ணி எங்க?"

"பருப்பு இல்லையேன்னு அதுலயே ரசம் வச்சிருக்கேன்."

ஜுமைலா செத்த ஆட்டை மண்ணில் கிடத்திவிட்டு ஓடினாள். இத்தனை மாதத்தில் அவள் நீலாம்பாளின் வாசலைத் தாண்டியதில்லை. வராதே என்று யாரும் சொன்னதுமில்லை, வா என்று கூப்பிட்டதுமில்லை. இன்று நேரே அடுக்களைக்குள் நுழைந்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த நீலாம்பாளின் மகள் பேச்சி, பசி தாங்காமல் தானே ரசத்தை டம்ளரில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தாள். ஜுமைலா அதைத் தட்டிவிட்டாள்.

"குடிச்சியா மோளே? வாயத் திற!"

"இல்ல அத்த. சுட்டுது."

ஜுமைலா கொதிக்கிற ரசச் சட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். கிழங்கையும் கொட்டினாள். பிறகுதான் சுட்ட கையை உதறிக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதாள்.

பின்னாலேயே ஓடிவந்த நீலாம்பாள் மகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் குழந்தை விழித்து வீறிட்டது.

அவள் பேச்சியை ஜுமைலாவின் பக்கத்தில் உட்காரவைத்தாள். பித்தளைச் செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, பேசிப் பழக்கமே இல்லாத முதல் வீட்டின் கதவைத் தட்டினாள்.

"கைக்குழந்தைக்குக் கொஞ்சம் பால் வேணும்."