பிச்சைமுத்துவின் கோழி நிழல்

வடக்கனந்தலில் பிச்சைமுத்துவின் நிழல் பெட்டைக்கோழியின் நிழலாக மாறியது மாசி மாதத்துச் சந்தை நாள் ஒன்றில், காலை வெயில் ஏறுகிற நேரத்தில். அந்த வாரம் கத்தரிக்காய் மலிவு. கல்வராயன் மலையிலிருந்து புதுப்புளி இறங்கியிருந்தது. நிழல் மாறியதை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டுக் காசியம்மாள். அவள் அப்போது வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, மிச்சச் சாணியையும் தட்டி முடித்துக் கையைக் கழுவிய பிறகுதான் தெருவுக்குச் சொன்னாள்.

அதற்கு முந்தின தை மாதம் வரைக்கும் பிச்சைமுத்து எதையும் வளர்த்தவன் அல்ல. கரும்பு வெட்டுகிற ஆள். கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவன், அவ்வளவுதான். கூரையை மாற்றச் சொல்லி அவன் பெண்சாதி அம்சவள்ளி மூன்று மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தையில் பருவம் தப்பிப் பெய்த மழை அவள் தலைமாட்டிலேயே ஒழுகியது. விடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். "ஒரு கோழிக்குஞ்ச வளக்கத் துப்பு இருக்குதாய்யா ஒனக்கு? ஒன்ன நம்பி நான் இன்னா குடும்பம் பண்றது?" என்று கேட்டுவிட்டுத் திருநாவலூரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். போகிற கோபத்தில், தன்னுடைய கருப்புப் பெட்டை அடையில் இருப்பதை அவள் மறந்துபோனாள். குஞ்சு பொரித்த மறுநாள் கீரி வந்து பெட்டையை இழுத்துக்கொண்டு போனது. கூடைக்கடியில் ஒன்பது குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

பிச்சைமுத்துவுக்குக் கோழியைக் குழம்பில் பார்த்துத்தான் பழக்கம். முதல் நாள் சோற்றை உருண்டையாகப் பிடித்து வைத்தான். குஞ்சுகள் அதன் மேல் ஏறி நின்று கத்தின. "இன்னா பிச்சமுத்து, மாட்டுக்கா வெக்கிற? நொய்ய ஊறவெச்சித் தூவுப்பா" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காசியம்மாள் சொன்னாள். தண்ணீரைக் குண்டானில் வைத்தான். ஒன்று உள்ளே விழுந்து செத்தது. அதை முருங்கை மரத்தடியில் புதைத்தான். பிறகு கொட்டாங்கச்சியில் கூழாங்கல்லைப் பரப்பி, கல்லுக்கு நடுவில் மட்டும் தண்ணீர் நிற்கிற மாதிரி ஊற்றக் கற்றுக்கொண்டான். பனி இறங்கினால் குஞ்சுகளைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தான். உருண்டு புரண்டு தூங்குகிற மனுஷன், நசுங்கிவிடுமே என்கிற பயத்தில் மரக்கட்டை மாதிரி கிடந்தான். வயிற்றின் மேல் அவை கீச்சுக்கீச்சென்று பேசி அடங்குவதைக் கேட்ட பிறகுதான் அவனுக்குக் கண் மூடியது.

சந்தை நாளன்று பருந்து வந்தது. தாய்க்கோழி இருந்திருந்தால் குரல் கொடுத்திருக்கும். பிச்சைமுத்துவின் கையில் ஒரு குச்சிகூட இல்லை. இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு ஓடினான். தன் தொண்டையில் இருப்பதே அதுவரை தெரியாத ஒரு சத்தத்தைப் போட்டான். தரையில் அவன் நிழல் இரண்டு இறக்கைகளையும் விரித்தது. எட்டுக் குஞ்சுகளும் ஓடி அதற்குள் பதுங்கின. பருந்து பனைமரத்தில் உட்கார்ந்து சற்று நேரம் கீழே பார்த்துவிட்டு மலைப்பக்கம் போய்விட்டது. பிச்சைமுத்து கைகளைக் கீழே போட்டான். நிழல் இறக்கைகளை மடக்கவில்லை.

அன்றிலிருந்து அப்படியேதான். காலையிலும் சாயங்காலத்திலும் கோழி நிழல் தெருவின் மறுபக்கம் வரை நீண்டது. உச்சிவேளையில் சுருங்கி, அடைகாக்கிற பெட்டையைப் போல அவன் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அதற்குள் கை வைத்தால் கதகதப்பாக இருந்தது. குஞ்சுகளைக் கூடையில் போட்டுக் கரும்புக் காட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனான். மேஸ்திரி பொன்னுரங்கம் நிழலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "வெட்டு கம்மியாவாத இருந்தா சரி. நெழலு எப்பிடி இருந்தா எனக்கு இன்னா?" என்றார். கள்ளக்குறிச்சி கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் குஞ்சுகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். நிழலைக் காட்டியபோது, "குஞ்சிக்குத்தாங்க மருந்து வருது. நெழலுக்கு சப்ளை இல்லீங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சித்திரையில் கோடைமழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாததால் நிழலும் இல்லை. வீட்டுக்குள் ஒழுகாத இடம் இல்லை. குஞ்சுகள் நனைந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி நடுங்கின. மழை விட்டதும் பிச்சைமுத்து நாளைக்கு என்று சொல்லவில்லை. வெட்டு முடிந்த கொல்லையிலிருந்து கரும்பின் காய்ந்த தோகையான சோகையைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து, பழைய கூரையைப் பிரித்துத் தள்ளி, மறுநாள் இருட்டுவதற்குள் புதுசாக வேய்ந்து இறங்கினான். ஆனாலும் ஈரம் தன் வேலையைக் காட்டிவிட்டது. ரத்தக் கழிச்சல் கண்டது. இரண்டு குஞ்சுகள் இறக்கை தொங்கி, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றன. கம்பவுண்டர் கொடுத்த பொடியைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிவிட்டு, அவற்றை வாசலில் காய்ந்த தவிட்டின் மேல் விட்டான். நிழல் அவற்றின் மேல் விழுகிற மாதிரி வெயிலில் நின்றான். சூரியன் நகர நகர அவனும் நகர்ந்தான். காசியம்மாள் மோர் கொண்டுவந்து நீட்டினாள். "கொஞ்ச நேரம் ஒக்காருப்பா, மண்ட காஞ்சிப் பூடும்" என்றாள். "ஒக்காந்தா நெழலு பத்தாதுக்கா" என்று நின்றபடியே குடித்தான். சாயங்காலம் ஒன்று கழுத்தைச் சாய்த்துச் செத்தது. மற்றொன்று கண்ணைத் திறந்து அவன் கால் நகத்தைக் கொத்தியது. பிச்சைமுத்து நின்ற இடத்திலேயே அழுதான்.

சேதி பஸ்ஸிலேயே போய்த் திருநாவலூரில் இறங்கியது. வைகாசியில் ஒரு மத்தியானம் அம்சவள்ளி வந்தாள். வாசலில் நின்று முதலில் கூரையைத்தான் பார்த்தாள்.

"எனக்கு வேயாத கூரைய கோழிக்கு வேஞ்சியா?"

"அதுங்க நனைஞ்சிதுங்க."

"நான் நனையலயா?"

பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நின்றான். அவன் காலடியில் இருந்த நிழல் மட்டும் ஒரு பக்கத்து இறக்கையை, பிந்தி வந்த குஞ்சுக்குத் தூக்குவதைப் போல, மெல்லத் தூக்கியது. அம்சவள்ளி அதைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, வேறு ஆளாக இருந்தான். அவள் துணிப்பையை நிழலுக்குள் வைத்துவிட்டுத் தானும் உள்ளே வந்து நின்றாள். தரையில் தூவியிருந்த நொய்யைப் பார்த்துவிட்டு, "நொய்யில இம்மாம் தூசி இருந்தா எப்பிடித் தின்னும்? மொறத்த எங்க வெச்ச?" என்றாள்.

அந்த ஏழு குஞ்சுகள் கோழிகளாகி, அவற்றின் குஞ்சுகளும் கோழிகளாகி, தெருவில் பாதி வீடுகளில் அந்த வம்சம் மேய்ந்தது. பருந்துகள் அந்தத் தெருவை விட்டு ஒதுங்கிப் பறந்தன. ஓட்டுக்கு அட்டை கொடுக்க அவனைப் படம் எடுத்தபோது, பின்னால் இருந்த வெள்ளைத் துணியில் கொண்டையும் அலகும் விழுந்தன. படக்காரர் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்துக்கொண்டார். பிச்சைமுத்துவுக்குத் தலை நரைத்தது. நிழலில் மட்டும் ஒரு இறகுகூட உதிரவில்லை.

ஒரு பங்குனியில் அம்சவள்ளி வாசலில் மக்காச்சோளத்தைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தாள். பாதிச் சோளத்தின் மேல் இறக்கை விரிந்து கிடந்தது.

"யோவ், கொஞ்சம் அந்தாண்ட போயி நில்லு. சோளம் காய வாணாமா?"

பிச்சைமுத்து தள்ளி நின்றான். நிழலுக்குள் படுத்திருந்த கோழிகளும் எழுந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ப் படுத்தன.