ராஜப்பனுக்குக் கண் தெரிந்த இடம்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டின் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் ராஜப்பனுக்குக் கண் தெரியும்; வெளியே வந்தால் தெரியாது. 2017 ஆவணியில், கேட்க ஆளில்லாமல் விவசாயிகள் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வாரத்தில், இது தொடங்கியது. பல வருஷமாகப் பார்வையில்லாத மனுஷனை அவர் மனைவி நஞ்சம்மாள் வழக்கம்போலக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். லாரியை எவன் இப்படிக் குறுக்கே நிறுத்தினது என்று அவர் சலித்துக்கொண்டார். லாரி குறுக்கேதான் நின்றது. நஞ்சம்மாள் கையை விட்டுவிட்டாள். அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே யார்மீதும் இடிக்காமல் நடந்துபோய், தங்கள் தக்காளிக்கு அவரே விலை பேசிவிட்டு வந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். பெங்களூர் வண்டி கிளம்புகிற நேரமாகிவிட்டதால் திரும்ப ஏற்றத் தொடங்கினார்கள்.

ஏற்றுக்கொள்ள முடியாமல் தவித்தது டாக்டர் அன்பரசிதான். தருமபுரியில் ஒரு கண் மருத்துவமனையில் காலையில் நோயாளிகளைப் பார்ப்பாள். மதியத்துக்கு மேல் அதே கட்டடத்தின் மாடியில் விழித்திரை நோய்களை ஆராய்வாள். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று நம்பித்தான் வேலைக்குச் சேர்ந்தாள். நடந்தது வேறு. கீழே நோயாளிகளின் வரிசை நீளும்போது மாடி பூட்டிக் கிடந்தது. மாடியில் உட்கார்ந்தால் கீழே இருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார். ராஜப்பனின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதை வருஷா வருஷம் படமெடுத்தவள் அவள். மாலைக்கண்ணாகத் தொடங்கி, ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, நடுவில் காசளவு வெளிச்சமாக நின்று, கடைசியில் அதுவும் போய்விட்டது. மருந்து கிடையாது. பரம்பரையாக வருவது. நஞ்சம்மாள் ராஜப்பனுக்கு அக்கா மகள். சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் இந்த நோய் குடும்பத்தைவிட்டுப் போகாது என்று அன்பரசி ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். எல்லா ஊரிலும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள், அடுத்த முகூர்த்தத்தில் அக்கா மகளையே கட்டினார்கள்.

விழித்திரையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை அவள் ஒரு தக்காளி டெம்போவில் ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனாள். வெளியே வந்த கோடும் நேர்கோடு, உள்ளே வந்த கோடும் நேர்கோடு. கண் செத்துவிட்டது என்று கருவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ராஜப்பன் எதிரே நின்ற கேரளா லாரியின் நம்பரை வாசித்தார். பெங்களூர் மாநாட்டுக்கு அவரை அழைத்துப்போனபோது, எதனால் தெரிகிறதோ என்று மார்க்கெட்டு வைக்கோல், பெட்டி, அழுகின தக்காளி உட்பட எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டாள். மேடையில் அவர் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சபையோர் நாகரிகமாகக் கைதட்டினார்கள். கட்டுரையைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைகளில் ஒன்று, நோயாளி ஏமாற்றுகிறார் அல்லது அளந்தவர் ஏமாந்திருக்கிறார் என்று எழுதியது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பேராசிரியர் ஆனார்கள். பார்வை போன வேறு பலர் கேள்விப்பட்டு, ஓசூர், அரூர் பக்கமிருந்தெல்லாம் வந்து அந்தக் கேட்டைத் தாண்டினார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர்களைத் திரும்ப பஸ் ஏற்றிவிடுவதும் அன்பரசியின் வேலையாகிவிட்டது. ஒருத்தருக்கு மட்டும் நடப்பதை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் என்னதான் செய்வது? இருந்தும் வியாழக்கிழமைகளில் பார்வையை அளக்கும் எழுத்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவதை அவளால் விட முடியவில்லை.

இதற்கிடையில் ராஜப்பனின் மகள் காவியா, காலேஜ் முதல் வருஷம் படிப்பவள், தனியாக மருத்துவமனைக்கு வந்தாள். சாயங்காலமானால் தடுக்குகிறது என்றாள். படமெடுத்ததும் அன்பரசிக்குத் தெரிந்துவிட்டது. வூட்டுக்குச் சொல்ல வேண்டாம், தன்னால்தான் வந்தது என்று அப்பா நொந்துபோவார் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். நஞ்சம்மாளின் தம்பி முருகேஷுக்கு அவளைக் கட்டுவதாகப் பேசி முடித்திருந்தார்கள். நல்ல பையன், லாரி ஓட்டுகிறவன். அவன் ரத்தத்திலும் அதே நோய் ஒளிந்திருக்கலாம். வாக்குக் கொடுத்துவிட்ட அன்பரசி, சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள். முருகேஷுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நஞ்சம்மாள் பதில் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை காவியா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பக்கவாட்டில் வந்த தள்ளுவண்டியைக் கவனிக்காமல் அதன்மேலேயே போய் இடித்துக்கொண்டாள். ராஜப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் தன் இருபதாவது வயதில் இப்படித்தான் எல்லாவற்றின் மேலும் இடித்துக்கொண்டு திரிந்தார். மகளை எதிரே நிறுத்தி, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"நேரா என்னையே பாரு. கை எங்க இருக்குது, சொல்லு."

காவியா அப்பா முகத்தையே பார்த்தாள். "தெரியலைப்பா."

அவர் அன்பரசியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னமே தெரியுங்களா, டாக்டரம்மா?"

"தெரியுங்க. சொல்லக்கூடாதுன்னு கேட்டுகிச்சு."

"மருந்து இல்லைன்னு எனக்கே தெரியும். இந்த மார்க்கெட்டு எதுனா செய்யாதுங்களா?"

"நீங்க இல்லாதப்ப இங்க கூட்டிட்டு வந்து அதையும் பார்த்துட்டேங்க. பாப்பாவுக்கு வெளிய எப்படியோ, இங்கயும் அப்படியேதான்."

ராஜப்பன் அன்று சாப்பிடவில்லை. கேட்டைத் தாண்டும் வரை மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, தாண்டியதும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். வூட்டுக்குப் போய்க் கல்யாணம் இல்லை என்றார். நஞ்சம்மாள் அழுது தீர்த்தாள். முருகேஷ் கோபித்துக்கொண்டு போனவன் அடுத்த பொங்கல் வரை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வேறு இடம் பார்க்கலாம் என்று நஞ்சம்மாள் தேறி வந்தபோது காவியா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "மாமனும் வேணாம், வேற யாரும் இப்ப வேணாம். கண்ணு இருக்கறப்பவே படிச்சு முடிச்சுக்கறேன்."

அன்பரசிக்கு இதில் ஜெயித்த நிறைவு எதுவும் இல்லை. இத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொன்னது யார் மண்டையிலும் ஏறவில்லை. தள்ளுவண்டியில் ஒரு இடி ஏறியது. அந்தப் பெண்ணின் பார்வை வருஷத்துக்கு வருஷம் சுருங்குவதைப் படமெடுப்பது தவிர அவள் கையில் ஒன்றுமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடம் போதாமல் மார்க்கெட்டை விரிவுபடுத்தினார்கள். கேட்டுச் சுவரை ரோட்டுப் பக்கம் தள்ளிக் கட்டியதில் டீக்கடை உள்ளே வந்துவிட்டது. அன்றுமுதல் ராஜப்பனுக்கு டீக்கடை வரைக்கும் கண் தெரிந்தது. அன்பரசி பலகையை எடுத்துக்கொண்டு போய் அளந்தாள். சரியாகப் புதுச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கும்வரை தெரிந்தது. அவள் யாருக்கும் எழுதவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னாள். பக்கத்தில் ராஜப்பன், வெள்ளைக் கைத்தடியோடு காவியா தருமபுரி பஸ்ஸில் ஏறுவதைச் சுவருக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்து ரோட்டு முக்குக்குப் போவதற்குள் ஓரத்துக் கடைகள் மறைத்து, அவர் பார்வையிலிருந்து போய்விட்டது. அடுத்த தடவை கட்டும்போது சுவரைப் பஸ் திரும்புகிற முக்கு வரைக்கும் தள்ள வேண்டும் என்று விவசாயிகள் ஒரு மனு எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் ராஜப்பனின் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். மனு டீக்கடைக்கும் வந்தது. அன்பரசி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, கீழே தன் பட்டங்களையும் எழுதினாள்.